அளவெடுத்துச் செய்த அறை

உங்கள் மேசையின் கீழ் இழுப்பறை முழுசாக மூடவில்லை. வலது பக்கம் ஒரு திருகு துருத்திக்கொண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. யாராவது ஒரு திருப்பு திருப்பினால் சரியாகிவிடும். காலையிலிருந்தே சொல்ல நினைத்தேன். நீங்கள் வேறு ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போது "நீங்களே உங்க வார்த்தையில எழுதிக் குடுங்கம்மா" என்று தாளை நீட்டிவிட்டு வெளியே போயிருக்கிறீர்கள். அதனால் இதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

தச்சர் மேல் எந்தத் தப்பும் இல்லை. யாரும் கூப்பிடாமல் நான் இங்கே வந்ததே அதைச் சொல்லத்தான். என் தங்கை படுத்திருந்தபோது கட்டிலுக்கு மேலிருந்த அலமாரி சுவரைவிட்டுப் பெயர்ந்து அவள்மேல் விழுந்தது. அவள் இறந்துபோனாள். வேலை சரியில்லை என்று அந்த மனிதரைப் பிடித்து இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் வாய் ஓயாமல் பேசுவார், டீ குடிக்கப் போனால் லேசில் திரும்பி வரமாட்டார், எல்லாம் உண்மைதான். ஆனால் கைவேலையில் குறை சொல்ல முடியாது. அந்த அலமாரியை மட்டமான வேலை என்று ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அது நான் பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னது.

நான் துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை பார்க்கிறேன். வாங்கிய கால்சட்டை நீளமாக இருந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். தங்கை பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அப்பா அதற்கும் முன்பே கம்பி நீட்டிவிட்டார். தலை வாரிவிட்டது, ஊட்டிவிட்டது, காய்ச்சலில் கண்விழித்தது எல்லாம் நான்தான். இதைச் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதீர்கள். நடுவில் என்னையும் ஒருவர் கட்டிக்கொள்ளக் கேட்டார். தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். முடியாது என்றேன். அதை அவளிடம் நான் கடைசிவரை சொன்னதில்லை.

படுக்கையறையை முழுசாக மாற்றலாம் என்று ஆரம்பித்தது அவள்தான். பழைய இரும்பு பீரோ திறக்கும்போதெல்லாம் ஊரையே கூட்டும். சுவரோடு சுவராக, எங்கள் அறைக்கென்றே அளவெடுத்துச் செய்யும் மரச்சாமான்கள் வேண்டும் என்றாள். இரண்டு கட்டில், தலைமாட்டுக்கு மேலே ஆளுக்கொரு அலமாரி, நடுவில் ஒரு நிலைக்கண்ணாடி. கடைக்கு எத்தனை தடவை நடந்தோம் என்று கணக்கில்லை. கைப்பிடி பார்க்க மட்டும் ஒரு நாள் முழுக்கப் போனது. நான் பித்தளையைக் காட்டினேன்.

"வேணாம்க்கா, கறுத்துப்போயிடும். நமக்குக் கடைசிவரைக்கும் வர்ற மாதிரி பாரு" என்றாள்.

நமக்கு என்றாள். நான் உருகிப்போனேன். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

கொஞ்ச நாளில், நான் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு ஒருவருடைய கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது, மரச்சாமான் கடைப் பெண் போன் செய்தாள்.

"மேடம், உங்க தங்கச்சி நேத்து போன் பண்ணி, ஒரு கட்டில் போதும், இன்னொண்ண எடுத்துடுங்கன்னாங்க. பலகையெல்லாம் வெட்டியாச்சு மேடம், இனிமே மாத்த முடியாது. அவங்க கல்யாணமாகிப் போறாங்களாமே, ரொம்ப சந்தோஷம்."

நானும் சந்தோஷம் என்றேன். பிறகு குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன். கால்சட்டைக்காரர், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, நேராக நில்லுங்கள் என்றேன்.

மாப்பிள்ளை அவள் வேலை பார்த்த இடத்துக்குப் பல்வலி என்று வந்தவர். பல் சரியான பிறகும் வந்துகொண்டே இருந்திருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் பழக்கம். அப்படியென்றால் அந்தக் கைப்பிடியைத் தேர்ந்தெடுத்த நாளிலும் அவளுக்குத் தெரியும். தான் படுக்கப்போகாத கட்டிலுக்கு என்ன நிறம் என்று என்னோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அவள் போகிறாள் என்பதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே போயிருந்தாளே, அதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா."

"கடைக்காரிகிட்டச் சொல்லத் தெரிஞ்சுதே."

"நீ அழுவேன்னு பயந்தேன்."

"நான் என்ன அழுறேனா இப்ப?"

"இல்ல. அதான் இன்னும் பயமா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிற்று. சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, சாவி ஆணியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் அந்தச் சாமான்களின் மேல் மனசு விட்டுப்போயிற்று. மறுநாளே கடைக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுங்கள் என்றேன். முதலாளியே பேசினார். உங்கள் அறைக்கென்று வெட்டியது, வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாதே, நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்றார். நியாயம்தானே. வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களிடம் நானும் இதையேதான் சொல்கிறேன். என் தங்கையும் எனக்கென்று அளவெடுத்து வளர்ந்தவள்தான், வேறொரு வீட்டில் எப்படிப் பொருந்துவாள் என்று யோசித்தேன். சரி, கொண்டுவந்து மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தச்சர் வந்தபோது தங்கை வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலோரக் கட்டில் எனக்கு, கதவோரம் அவளுக்கு என்று ஏற்பாடு. ஜன்னலோரத் தலைமாட்டுச் சுவரை அவர் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். முன்பு குடியிருந்தவர்கள் பிற்பாடு எழுப்பிய சுவர் அது.

"இது உள்ள பொந்து பொந்தா இருக்குற கல்லும்மா. திருகு நல்லாப் பிடிக்காது. நான் இரும்புப் பட்டை போட்டு மேல உத்தரத்தோட சேர்த்துக் கட்டிடறேன். இருந்தாலும் இதுல கனமா எதையும் ஏத்திடாதீங்க. தலகாணி, போர்வையோட நிறுத்திக்கணும். தங்கச்சிகிட்டயும் சொல்லி வைங்க."

சொல்கிறேன் என்றேன். ஆனால் அப்போது எங்களுக்குள் அவ்வளவாகப் பேச்சு இல்லை என்பதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அறை மிகவும் அழகாக வந்திருந்தது. எந்த மூலையிலும் ஒரு நூல் இடைவெளி கிடையாது. தங்கை வந்து வாசலிலேயே நின்று பார்த்தாள், உள்ளே வரத் தயங்கினாள். நான்தான் இறங்கிப்போனேன்.

"நீ ஜன்னல் பக்கம் படுத்துக்கோ. போற வரைக்குமாவது நல்லாக் காத்து வரட்டும்" என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். கோபம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள் போல. நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

குளியலறைக்குப் போட்டதில் மிஞ்சிய தரை ஓடுகள் மாடிப்படிக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எல்லா வீட்டிலும் கிடக்கும். ஒன்று உடைந்தால் உதவும் என்று யாரும் தூக்கிப்போடுவதில்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம் என்று தோன்றியது. வேலையிலிருந்து அவளுக்கு முன்னால் வந்துவிடுவேன். தினமும் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து, ஜன்னலோரக் கட்டிலின்மேல் ஏறி நின்று, அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவேன். பெட்டிகள் தீர்ந்ததும் இரும்புப் பட்டைகள் கண்ணை உறுத்தின. வெள்ளைக் கதவுகளுக்கு மேலே கறுப்பாக, பார்க்கவே அசிங்கமாக இருந்தன. அவற்றைக் கழற்றினேன். தையல் இயந்திரத்தின் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், திருகுகளும் அதில்தான் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள். தச்சர் எவ்வளவு கெட்டியான பட்டை போட்டிருந்தார் என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

அந்த அலமாரி பகலில், யாருமில்லாதபோது விழும், வீடே அலங்கோலமாகும், இந்த நிலையில் அக்காவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவாள். எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் அதன் கீழே போய்ப் படுப்பதைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தவளும் நான்தான். எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்று போனாள். பதிவுத் திருமணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நான் கூடத்தில் அவளுடைய கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விழுந்தது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். மதியம் விழுந்த சத்தம் கீழ் வீட்டுக்காரர்களுக்கே கேட்டிருக்கிறது. பூட்டிக்கிடக்கும் பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது சாயங்காலம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டீர்கள். குளித்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை என்றேன். அது பொய்.

சத்தம் கேட்ட உடனே அறை வாசலுக்குப் போய்விட்டேன். தூசி அடங்கியதும் அவள் கை மட்டும் வெளியே தெரிந்தது. என்னால் அந்தப் பலகையைத் தூக்கியிருக்க முடியும். அத்தனை ஓடுகளையும் மேலே ஏற்றியவள் நான்தானே. ஆனால் அவள் "அக்கா" என்று கூப்பிட்டாள். சின்ன வயதில் சட்டையைத் தலைவழியாகப் போடும்போது கை மாட்டிக்கொண்டால் கூப்பிடுவாளே, அந்தக் குரல். பல்வலிக்காரரைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். எத்தனையோ நாளாகப் புண்ணாகிக் கிடந்த மனசு ஒரே சொல்லில் ஆறிப்போயிற்று. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. வாசல்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றேன். நல்ல பெண், ரொம்ப நேரம் கூப்பிட்டாள்.