பதிவேட்டில் நான்கு கண்கள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பிற்குரிய தலைவர் அவர்களே! இந்தப் புதிய பிரசவப் பிரிவைப் பெற்றெடுக்க ஆண்டுக்கணக்கில் வலி பொறுத்த மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்தவர்களே! மடியிலே மழலையையும் மனத்திலே மலையளவு கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்று செல்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களே, உங்களை மட்டும் விட்டுவிடுவேனா, உள்ளே வாருங்கள்! அனைவருக்கும் இந்தப் பழைய பிரசவ அறை நர்ஸின் வணக்கம்.

பிறந்த குழந்தையின் கண்ணுக்குப் போடும் மருந்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். என்ன பெரிய மருந்து? சுண்டுவிரல் அளவு டியூப். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கீழ் இமையை மெல்ல இழுத்து, உள்ளே ஒரு கோடு. இந்தக் கண்ணில் ஒன்று, அந்தக் கண்ணில் ஒன்று. எதற்கு? தாய்க்கே தெரியாமல் தாயின் உடம்பில் தங்கியிருக்கும் கிருமி, குழந்தை வெளியே வரும் வழியில் கண்ணில் ஏறிக்கொள்ளலாம். ஏறினால், சில நாளில் பார்வையைத் தின்றுவிடலாம். என்னம்மா, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? பயப்படுங்கள். நான் பயந்த கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. நட்டநடுப் பகல். இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். இருவரையும் ஒரே மேசையில் விளக்குச் சூட்டில் கிடத்தினோம். சுவர்ப் பக்கம் மூத்தவள், சன்னல் பக்கம் இளையவள். மூத்தவள் கண்களில் மருந்திட்டேன். அந்த நேரம் பார்த்துத் தாய்க்கு ரத்தப்போக்கு. ஓடினேன். நான் திரும்புவதற்குள், எடை பார்க்கத் தூக்கிய இன்னொரு நர்ஸ் இருவரையும் இடம் மாற்றிக் கிடத்தியிருந்தாள். அவள்மேல் குற்றமில்லை. காலில் கட்டிய பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும் என்பது எங்கள் வார்டின் விதி. நான் பட்டையைப் பார்க்கவில்லை, பக்கத்தைப் பார்த்தேன்! சன்னல் பக்கம் கிடந்தவளுக்கு மருந்திட்டேன். பதிவேட்டில் இரண்டு டிக் அடித்தேன். நான்கு கண்களுக்கும் மருந்து போனதாக ஏடு சொன்னது. போனதோ மூத்தவளுக்கே இரண்டு முறை. இளையவளுக்கு ஒரு துளியும் இல்லை. இது எனக்கு அன்று தெரியாது. ஆனால் அவையோரே, யாருக்கோ தெரிந்திருந்தது!

பிற்பகலில் அந்தத் தாய் என்னைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், சின்னவ தொட்டில்கிட்ட நிக்கிறாங்களே, அந்தம்மா யாரு?"

"யாரும் இல்லையேம்மா."

"இருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டே குழந்தையைப் பாக்கறாங்க."

ரத்தம் போன மயக்கம் என்று தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை, தரை துடைக்கும் ஆயா வந்தாள். "ஏன் சிஸ்டர், கண்ணு தெரியாதவங்களத் தனியா உள்ள விடறீங்க? தொட்டில் தொட்டிலா தடவிக்கிட்டே போனாங்க. கடைசித் தொட்டில்ல நின்னுட்டாங்க." கடைசித் தொட்டில் யாருடையது? இளையவளுடையது. ஈரத் தரையில் ஆயாவின் காலடித் தடம் மட்டுமே இருந்தது.

தலைவர் நாற்காலியில் நெளிகிறார். மருத்துவம் பேச வந்தவள் பேய் பேசுகிறாளே என்கிறீர்களா ஐயா? பொறுங்கள், பேய் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. இளையவளின் இமைகள் வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. பெரிய டாக்டர் கேட்டார்: "மருந்து போட்டாச்சில்ல?" "போட்டாச்சு டாக்டர், டிக் இருக்கு." "அப்ப சும்மா பீளையாத்தான் இருக்கும். தொடச்சு விடு, நாளைக்குப் பாக்கலாம்."

பஞ்சு நனைக்கக் குழாயடிக்குப் போனேன். குனிந்தேன். ஒரு விரல், குளிர்ந்த விரல், என் கீழ் இமையைத் தொட்டு மெல்லக் கீழே இழுத்தது. நான் குழந்தைகளுக்கு இழுப்பேனே, அதே பதம்! அதே பக்குவம்! திரும்பினேன். ஆளில்லை. ஆனால் என் கைக்கு நினைவு வந்துவிட்டது. அன்று இரண்டாவதாகத் தொட்ட குழந்தையின் இமை வழுக்கியது. ஏன் வழுக்கியது? ஏற்கெனவே மருந்து போட்ட இமை அது!

அப்போதே ஓடிச் சொன்னேனா? இல்லை, தாய்மார்களே, சொல்லவில்லை! வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பீளையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்பது மணி, சொல்லவில்லை. பன்னிரண்டு மணி, சொல்லவில்லை. மூன்று மணி, சொல்லவில்லை. நான்கு மணிக்கு அந்தத் தாய் அலறினாள்: "சிஸ்டர்! அந்தம்மா என் புள்ளையத் தூக்கிட்டாங்க!" ஓடிப் பார்த்தேன். குழந்தை தொட்டிலில்தான் இருந்தது. இமைகள் திறக்கவே முடியாதபடி உப்பி, கன்னமெல்லாம் சீழ். டாக்டர் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை நான். "டாக்டர், டிக் பொய். சின்னவளுக்கு நான் மருந்தே போடல!"

ஊசி போட்டார்கள். மணிக்கொரு தரம் கண்ணைக் கழுவினோம். இடது கண் தப்பியது. வலது கண் போய்விட்டது. "காலைல சொல்லியிருந்தா ரெண்டும் தப்பிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். திட்டக்கூட இல்லை. தாயிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "நீங்க கண்ணைத் தொறந்துக்கிட்டே பாக்காம இருந்திருக்கீங்க சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த உருவத்தை வார்டில் யாரும் பார்க்கவில்லை.

யார் அவள்? எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கண்ணைப் பறித்தவள் அவள் இல்லை. தவறு செய்வது மனிதக் கை. தவறை மறைத்து வைக்கிறதே ஒரு வாய், அதுதான் பேய்! எட்டு மணி நேரம் அந்தப் பேய் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வார்டில் நடந்தது. அது நான்தான்!

ஆகவே தாய்மார்களே, கேளுங்கள்! "என் குழந்தைக்குக் கண் மருந்து போட்டாச்சா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்! டிக்கைக் காட்டினால் போதாது, போட்ட கையைக் காட்டச் சொல்லுங்கள்! தங்கைகளே, நர்ஸ்களே, தவறினால் தவறினேன் என்று அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள்!

மேடையேறும் முன் மாடியிலுள்ள பிரசவ அறைக்குப் போய்வந்தேன். அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அங்கே நின்ற நர்ஸ்கள் இருவரும் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். யாரம்மா அவளுக்குக் கண் மருந்து போட்டது? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

ஏன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்?

"அக்கா, இவ போட்டிருப்பான்னு நான்..." சரி, போதும். சொல்லிவிட்டாயே, நீ என்னைவிட நல்லவள். பிறந்து நாற்பது நிமிடம்தான் ஆகிறது. ஓடு! வழி விடுங்கள் ஐயா, வழி விடுங்கள்!

அவள் போட்டுவிட்டு வந்து சொல்லும் வரை நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. அதுவரை பொறுத்திருக்கப் போகும் உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.