நாலாம் நாள் 355 கிலோமீட்டர்

வாக்குமூலம் அளிப்பவர்: அப்பாதுரை, வயது 51, த/பெ. சின்னப்பையன், அடி அண்ணாமலை கிராமம், திருவண்ணாமலை. தொழில்: சுற்றுலா வேன் ஓட்டுநர். நாள்: 26.09.2025, முற்பகல் 11.30 மணி. பதிவு செய்தவர்: உதவி ஆய்வாளர் நசீம் பானு.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி பச்சையம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். இருபத்தேழு வருடமாக வேன் ஓட்டுகிறேன். ரமணாசிரமம் பக்கம் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்தில் ஏற்றி வருவதும், உள்ளூர்க்காரர்களை ராமேஸ்வரம், திருப்பதி என்று அழைத்துப் போவதும் என் தொழில். இதுவரை என் பேரில் வழக்கு ஏதும் கிடையாது. என் உடன்பிறந்த தம்பி வல்லரசு, வயது 41, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் மனைவி பெயர் அருணாதேவி. மகள் கீர்த்தனாவுக்கு எட்டு வயது.

கடந்த ஜூன் மாதம் தம்பி எனக்குப் போன் செய்து, காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்து போவதாகவும், அங்கே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து அவனே ஓட்டப் போவதாகவும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினால் உடம்பு தாங்கும் என்று நான்தான் கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்றும் கேட்டான். வண்டியில் நாலு பேர் படுக்கலாம் என்றான். "நீ பக்கத்துல இருந்தா எனக்கு தைரியம்ண்ணா" என்றும் சொன்னான். அந்த நாலாவது ஆள் நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். யாரும் அப்படி வாய் திறந்து சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். இதே நிலையத்திலிருந்து காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் ஒரு முத்திரையும் இல்லை.

அதன் பிறகு இரண்டு மாதம், சவாரி இல்லாத நேரமெல்லாம் போனில் நியூசிலாந்து மேப்பை வைத்துக்கொண்டு நீளநோட்டில் கணக்கு எழுதினேன். மேப் சொல்லும் நேரத்தை நான் நம்புகிறவன் இல்லை. மேப்புக்குப் பசிக்காது, ஒன்றுக்கு வராது. அது மூன்று மணி நேரம் என்றால் நான் நாலரை என்று எழுதுவேன். விமானத்தில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் என் வேனில் திண்டிவனம் வருவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதை நான் இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறேன். அதனால் தம்பிக்கு முதல் நாள் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கீழேதான் வைத்தேன். கீர்த்தனாவுக்கு மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளாது. ஜவ்வாது மலைக்கு என் வேனில் கூட்டிப்போனபோது ஜமுனாமரத்தூர் போய்ச் சேருவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தது. ஆகவே மலை ஏறுகிற நாட்களில் முக்கால் மணிக்கு ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தும்படி ஊர்ப் பெயரோடு எழுதி வைத்தேன்.

கடந்த 14.09.2025 ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கூடவே அருணாதேவியின் அண்ணன் சகாதேவனும் வந்தார். அவர் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார். ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே காரை நாலு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நோட்டை எடுத்துக் காட்டினேன். ஏழாம் நாளுக்கு நேரே சைபர் கிலோமீட்டர் என்று எழுதியிருந்தேன். ஏன் என்று தம்பி கேட்டான். அன்றைக்குப் பௌர்ணமி என்றேன். எங்கள் ஊரில் பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிடுவார்கள், எந்த ஓட்டுநரும் அன்றைக்கு வெளியூர் சவாரி ஒத்துக்கொள்ள மாட்டான். காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்ததும் என் கை தன்னால் சைபர் போட்டுவிட்டது. நியூசிலாந்தில் சாலையை அடைக்க மாட்டார்கள் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. சகாதேவன் சோற்றுக் கையோடு எழுந்து நின்று சிரித்தார். "அங்க எவன்யா கிரிவலம் வரப் போறான்? நல்ல வேளை, இவர கூட்டினு போகல" என்றார். அப்போதுதான் நாலாவது ஆள் அவர் என்பது எனக்குத் தெரிந்தது. அருணாதேவி, "எங்கண்ணன் டிக்கெட்ட அப்பவே போட்டுட்டோம் மாமா, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

சகாதேவன் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் தம்பியும் சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுதிய சாலையில் நான் சொன்ன இடத்தில் நிறுத்தி சகாதேவன் இறங்கி டீ குடிப்பார் என்று நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. என் வேனில் ஆள் ஏறும்போதெல்லாம் அவர் ஏறுவதாகத் தெரிந்தது.

அதன் பிறகு, நல்ல நோட்டில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று தம்பியிடம் சொல்லி, பழைய நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புது நோட்டில் ஏழாம் நாளைச் சரி செய்தேன். நாலாம் நாளை மாற்றினேன். மவுண்ட் குக்கிலிருந்து வனாகா வரை 210 கிலோமீட்டர் போய் இரவு தங்க வேண்டும், மறுநாள் 145 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஹாஸ்ட் போக வேண்டும் என்று பழைய கணக்கில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, நாலாம் நாள் 355 கிலோமீட்டர், நேரம் நாலரை மணி என்று எழுதினேன். அந்தப் பெரிய வண்டியில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. மலையில் இருட்டிவிடும். நான் வேண்டுமென்றே எழுதினேன். சகாதேவன் அந்த வளைவில் முன் சீட்டில் உட்கார்ந்து பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நோட்டைப் போன வாரம் சென்னை சவாரி போனபோது தம்பியிடம் கொடுத்தேன். அதைச் செய்த பிறகும் மனம் ஆறவில்லை.

தம்பி குடும்பத்தோடு 23-ம் தேதி ஊருக்கு வந்து என் வீட்டில் தங்கினான். 28-ம் தேதி விமானம். 24-ம் தேதி காலை அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது, பெட்டியைத் திறந்து, வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்காக அவன் வாங்கி வைத்திருந்த சர்வதேச அனுமதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் வண்டி தர மாட்டோம் என்று வாடகைக் கம்பெனி எழுதியிருந்தது எனக்குத் தெரியும். நான் போகாத இடத்துக்கு யாரும் போகக் கூடாது என்று நினைத்தேன். அன்று மாலை எல்லோரும் தேடினார்கள். நானும் பீரோவை நகர்த்தித் தேடினேன்.

இன்று காலை, தொலைந்ததற்கு இந்த நிலையத்தில் சான்று வாங்கினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று தம்பி கிளம்பினான். துணைக்கு நானும் வந்தேன். புத்தகம் என் சட்டைப் பையில் இருந்தது. எங்கே போகிறீர்கள் என்று உதவி ஆய்வாளர் அம்மையார் கேட்டதற்கு, தம்பி பையிலிருந்து நோட்டை எடுத்து, எங்கண்ணன் எழுதியது என்று பெருமையாகக் காட்டினான். அம்மையார் புரட்டிப் பார்த்து, "நாலாம் நாள் முன்னூத்தி அம்பத்தஞ்சா? சின்னப் பொண்ண வெச்சிக்கினு இவ்ளோ தூரமா?" என்று கேட்டார். தம்பி, "ஜாஸ்தியாதான் தெரியுது மேடம். எங்கண்ணன் போட்டா சரியா இருக்கும்" என்றான்.  அதைக் கேட்டதும் அனுமதிப் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் என்னிடம் விசாரித்தார்கள். நாலாம் நாளைப் பற்றி யாரும் கேட்காமல் நானே சொன்னேன்.

பழைய நோட்டு எரிந்துவிட்டது, கணக்கு என் மனதில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அதையும் இதில் எழுதிக்கொண்டு தம்பிக்கு ஒரு நகல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலாம் நாள் 210 கிலோமீட்டர், வனாகாவில் தங்கல். ஐந்தாம் நாள் 145 கிலோமீட்டர், காலை ஒன்பதுக்குக் கிளம்பி வெளிச்சத்திலேயே ஹாஸ்ட் போய்ச் சேர வேண்டும். பாப்பாவை முன்னால் உட்கார வைக்கவும். முக்கால் மணிக்கு ஒரு முறை இறக்கி நடக்க விடவும். மலை இறக்கத்தில் ஸ்டியரிங்கைச் சகாதேவனிடம் கொடுக்கக் கூடாது. இது பொறாமையில் சொல்வது இல்லை, அவருக்கு ஓட்டத் தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். புத்தகத்தை எடுத்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "அந்த நாலாம் நாள்ல பாப்பாவும் இருக்குதேண்ணா" என்று மட்டும் கேட்டான். 

மேலே கண்டவை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை, எல்லாம் நடந்தவை. இதை எழுதிய நிலைய எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். தம்பி மேல் மனவருத்தத்தில் செய்துவிட்டேன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். எனக்கு வருத்தம் ஏதும் இருக்கவில்லை, பொறாமை என்று எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் தயங்கி என் தம்பியைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டார். அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சி. அப்பாதுரை