உள்ளே செருகிய சாவி

நவம்பரில் மாடிப்படியைக் கழுவினால் லேசில் உலராது. அன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம்தான் கழுவி முடித்திருந்தேன். ஒரு கட்டிடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் காவல்காரியின் பாடு உங்கள் விசாரணைக் குழுவில் யாருக்கும் தெரியாது, ஐயா.

மாணவர்கள் மெழுகுவத்தியும் பூவுமாகப் பிராக் தெருக்களில் ஊர்வலம் வந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி ஒழிய வேண்டுமாம். காசு வாங்காமல் படிக்க வைத்த கட்சி. தின்ற கொழுப்பு, வேறென்ன? போலீஸ் தெருவை இரண்டு பக்கமும் அடைத்துத் தடியால் விளாசியது. அடிபட்டவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். எதிர்க்கட்டிடக் காவல்காரி திறந்துவிட்டாள். மறுநாள் அவள் கூடமெல்லாம் ரத்தமும் சேறும்.

எங்கள் வாசல் பூட்டியிருந்தது. ஆனால் மூன்றாம் மாடிப் பெண் ராட்காவிடம் சாவி உண்டு. அவளும் ஊர்வலத்தில் போயிருந்தாள். அவள்மேல் எனக்கு வெறுப்பில்லை. “பார்த்து ஏறுங்கடி, யர்மிலாம்மா துடைச்ச படி, தட்டே வேணாம், அப்படியே சாப்பிடலாம்” என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

அது பழைய பூட்டு. உள்ளே ஒரு சாவி இருந்தால் வெளியிலிருந்து இன்னொன்று நுழையாது. என் சாவியைச் செருகி, லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு சாவி வந்து முட்டியது.

“யர்மிலாம்மா! உள்ள இருக்கீங்களா? சாவி போக மாட்டேங்குது... அடிக்கிறாங்கம்மா, திறங்கம்மா!”

சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவளுக்குத் திறந்தால் பின்னாலேயே பத்துப் பேர் நுழைவார்கள். அவள் தலை கதவில் மோதுவது என் கைக்குத் தெரிந்தது. சத்தம் அடங்கியதும் சாவியை உருவிக்கொண்டு போய்த் தேநீர் போட்டேன்.

பிறகு பிராக் நகரமே தலைகீழாகிவிட்டது. நாடக அரங்குகளில் நாடகம் இல்லை, நடிகர்கள் பிரசங்கம் செய்தார்கள். கடைக் கண்ணாடியெல்லாம் சுவரொட்டி. கடைசியில் கட்சியும் போய்ச் சேர்ந்தது. எங்கள் வாசலில் தினமும் யாராவது மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்கள். உருகி ஒட்டிய மெழுகைச் சுரண்டிச் சுரண்டி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதை விசாரிக்க ஒரு குழுவும் வரவில்லை.

அன்று தலையில் பட்ட அடியில் போன பார்வை ராட்காவுக்குத் திரும்பவில்லை. அன்று நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

“நீங்க மட்டும் இருந்திருந்தா திறந்திருப்பீங்க” என்பாள்.

“பின்ன, திறக்காம இருப்பேனாடி கண்ணு?” என்பேன்.

நீங்கள் கேட்டதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் அம்மா வேலைக்குப் போய்விடுகிறாள். கையைப் பிடித்து மாடி ஏற்றிவிடுவது நான்தான். பாவம், இந்தக் கட்டிடத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?