எட்சன் வீட்டுக் காணிக்கைக் கவர்

ஜெஸ்பின்: நூத்தி ஏழா காட்டுது?

எட்சன்: அதான் சொல்லுதேன்… மேலெல்லாம் கொதிக்கு ஜெஸ்பின். நீயும் பிள்ளையளும் மட்டும் சர்ச்சுக்குப் போங்க. இல்ல… நீங்களும் போவாண்டாம். பரவுற காய்ச்சலாட்டு இருந்தா?

ஜெஸ்பின்: நூத்தி ஏழு காய்ச்சல் உள்ள மனுசன் இப்பந்தானே ரெண்டாவது குத்தி புட்டு கேட்டீய?

பெபிஷா: அம்மா, அப்பா தெர்மாமீட்டர சாயாவுக்குள்ள முக்கினாவ. நான் பாத்தேன்.

எட்சன்: ஏட்டி, ரெண்டாங் கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு காலத்தே வேற சோலி இல்லியா? போய் தம்பிக்கு சூ மாட்டி விடு.

ஜெஸ்பின்: நாப்பத்தோரு வயசு. சிமெண்ட் கம்பெனியில ஏரியா சேல்ஸ் ஆபீசர். எம்.பி.ஏ. வேற. சாயாவுல தெர்மாமீட்டர்…

எட்சன்: எம்.பி.ஏ.வ எதுக்கு இழுக்க?

ஜெஸ்பின்: ரெண்டு வருசமா இழுத்தது நீங்கதான். சனிக்கிழமையானா கோட்டு மாட்டிட்டு திருவனந்தபுரம் ரயிலு. ஞாயித்துக்கிழமை ஆன்லைன் கிளாஸ். சர்ச்சுல பின் பெஞ்சுல இருந்து காதுல வயர மாட்டிட்டு, அங்க புரொபசர் பாடத்த முடிச்சதும் 'ஆமென்'னு சொன்ன ஆளுல்லா…

எட்சன்: மைக்கு ஆஃப்ல இருக்குண்ணு நெனச்சேன்.

ஜெஸ்பின்: மீன் கொண்டு வாற செல்லத்தாய் அக்காகிட்ட சப்ளை செயின் பேசினீய. அக்கா ஒரு மாசம் நம்ம தெருவுல கால் வைக்கல்ல.

எட்சன்: அவியளுக்க நல்லதுக்குத்தான் சொன்னேன். பதினொரு மணிக்கு சாளை கொண்டு வந்தா எந்தக் கஸ்டமர்…

ஜெஸ்பின்: பரீட்சை எழுதி முடிச்ச கையோட கேட்டுல பலகை. எட்சன், எம்.காம்., எம்.பி.ஏ. கொரியர்க்காரன் டாக்டர் வீடாண்ணு கேக்கான்.

பெபிஷா: பிரிட்ஜுலயும் ஒரு சார்ட்டு ஒட்டியிருக்குல்லா. தம்பி சோறு தின்னா ஸ்டாரு, தின்னல்லேண்ணா சிவப்புப் புள்ளி. தம்பி அந்தப் பேப்பரையே தின்னான்.

எட்சன்: அதுக்குப் பேரு பெர்பார்மென்ஸ் ரிவ்யூ மக்ளே. உங்கம்மைக்கு அதெல்லாம் பிடி கிட்டாது. பேங்க் கவுண்டர விட்டு எழும்பினா அவளுக்கு சோலி தீந்துது. பத்து ஆள வச்சு வேல வாங்குறது எப்படிண்ணு படிச்சவனுக்குத்தான் தெரியும்.

ஜெஸ்பின்: உள்ளதுதான்… சரி எழும்புங்க சாரே, மணி ஒம்பது ஆவப் போவுது. இண்ணைக்கு நம்ம காணிக்கைய வாசிக்காவல்லா.

எட்சன்: …எந்தக் காணிக்கை?

ஜெஸ்பின்: நல்லா இருக்கே! போன மாசம் உங்க கையாலதானே கவர்ல எழுதித் தந்தீய? 'எட்சன், எம்.பி.ஏ. தேர்வில் முதல் வகுப்பில் தேறியதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை.' எழுதின பரீட்சைக்கு ரிசல்ட் வரும் முன்னாலேயே. ரிசல்ட் வாற வாரம் சபைச் செயலாளர்கிட்ட குடுத்துருண்ணு சொன்னதும் நீங்கதான்.

எட்சன்: குடுத்துட்டியா?

ஜெஸ்பின்: நேத்து சாயங்காலமே செல்வதாஸ் அண்ணன்கிட்ட கவரு குடுத்தாச்சு. முந்தின நாளு குடுத்தாத்தானே ஆராதனையில சத்தமா வாசிப்பாவ?

எட்சன்: ஏசுவே…

ஜெஸ்பின்: என்ன, காய்ச்சல் கூடுதா?

எட்சன்: நீ இப்பம் செல்வதாஸ் அண்ணனுக்கு ஒரு போனு போடு. அந்தக் கவர திரிச்சுத் தரச் சொல்லு.

ஜெஸ்பின்: திரிச்சா? கடவுளுகிட்ட ரீஃபண்டா கேக்கச் சொல்லுதீய?

எட்சன்: ரீஃபண்டு இல்லட்டி… ஒரு போஸ்ட்போன்மெண்ட். இன்னும் ரிசல்ட்டு… சர்வரு டவுனா கெடக்கு, கேட்டியா.

ஜெஸ்பின்: மூணு நாளாட்டா?

எட்சன்: பெரிய சர்வரு.

ஜெஸ்பின்: செல்வதாஸ் அண்ணன்கிட்ட என்ன காரணம் சொல்ல?

எட்சன்: எனக்கு மேலுக்கு சுகமில்லேண்ணு சொல்லு.

ஜெஸ்பின்: கொள்ளாம். போதகர் உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாரு. ஆராதனை முடிஞ்சதும் பாடகர் குழு ஒக்க ஆரஞ்சுப் பழத்தோட இஞ்ச வந்து எறங்கும். நாலு பாட்டு பாடாம போவாது. அவியளுக்கும் தெர்மாமீட்டரக் காட்டுவீயளா?

எட்சன்: ஜெஸ்பின்… பிள்ளைய கொஞ்சம் வெளிய அனுப்பு.

பெபிஷா: நான் காதப் பொத்திக்கிடுதேன்.

எட்சன்: …ஒரு பேப்பர் போச்சுட்டி.

ஜெஸ்பின்: எது?

எட்சன்: அது… லீடர்ஷிப் அண்ட் பிகேவியர்.

பெபிஷா: அப்பா பிகேவியர்ல பெயிலா? எனக்கு ஏ கிரேடுல்லா!

எட்சன்: நீ காதப் பொத்தின லெட்சணம்!

ஜெஸ்பின்: நான் சிரிக்கல்ல. இருமலு.

எட்சன்: சிரி, சிரி. இருவத்தாறு வயசு பய ஒருத்தன் எனக்கு மேனேஜரா வந்து, 'எட்சன், உக்காருங்க'ங்கான்… எனக்க சொந்தக் கசேரியில. அது பொறுக்காமத்தானே இந்த வயசுல பையத் தூக்கிட்டு ஓடினேன்? சின்னவன் முதல்ல நடந்ததை நான் ரயில்ல வச்சு வீடியோவுலதான் பாத்தேன். அவ்வளவும் போட்டும்… கடைசியில இது. முதல் வகுப்புண்ணு போதகர் வாசிப்பாரு, சபை பூரா திரும்பி எனக்க மூஞ்சியப் பாக்கும். நாளைக்கு உள்ளது தெரிஞ்சா பிறகு அந்த சர்ச்சுப் படி ஏற முடியுமா? போதும் ஜெஸ்பின். இனி எழுதல்ல. விட்டிரலாம்.

ஜெஸ்பின்: விடுறதுக்கா நான் ஒருத்தன இடுப்புலயும் ஒருத்திய முதுகுலயும் வச்சுட்டு உங்க புக்கு பூரா வாசிச்சு மஞ்சக் கோடு போட்டுத் தந்தேன்? ஒரு பேப்பருதானே. நவம்பர்ல எழுதுங்க.

எட்சன்: …உனக்கு ஒரு அதிர்ச்சியும் இல்லியா?

ஜெஸ்பின்: வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே அதிர்ச்சியாயாச்சு.

எட்சன்: வெள்ளிக்கிழமையா?

ஜெஸ்பின்: ரிசல்ட்டு மெசேஜ் எனக்க போனுக்குல்லா வரும். நீங்க கோர்ஸ்ல சேரும்போ உங்க போனு கிணத்துக்குள்ள கெடந்தது. எனக்க நம்பரத்தான் எழுதிக் குடுத்தீய.

எட்சன்: அப்பமே தெரிஞ்சும் நேத்து கொண்டு போய் கவரக் குடுத்திருக்க! சதிச்சுட்டியேட்டி!

ஜெஸ்பின்: உங்க கவர யாரு குடுத்தா? அது அலமாரியில எனக்க பட்டுச் சேலைக்கு அடியில பத்திரமா இருக்கு. நீங்க தேறின பிறகு குடுக்கலாம்.

எட்சன்: ஏட்டி… இத முதல்லயே சொல்லப்பிடாதா? மனுசன் சாயாவும் குடிக்காம… பெபிஷா, அப்பாக்க வெள்ளச் சட்டைய எடுத்துட்டு வா மக்ளே.

பெபிஷா: காய்ச்சல் எறங்கிட்டா அப்பா?

எட்சன்: எறங்கிட்டு, எறங்கிட்டு. …இரு. இரு ஜெஸ்பின். செல்வதாஸ் அண்ணன்கிட்ட கவரு குடுத்தாச்சுண்ணு சொன்னியே. அது பின்ன யாருக்க கவரு?

ஜெஸ்பின்: நேரமாச்சு. வாசிக்கும்போ கேட்டுக்கிடுங்க.

எட்சன்: எனக்குத் தெரியாம நம்ம வீட்டுல இருந்து என்ன காணிக்கை?

பெபிஷா: எனக்குத் தெரியும்! அம்மா சொல்லாண்டாம்ணு சொன்னாவ.

எட்சன்: பிள்ளைக்குக் கூட தெரியுமா? ஜெஸ்பின்… இஞ்ச பாரு. என்னத்தையாவது எனக்கிட்ட மறைக்கியா?

ஜெஸ்பின்: 'ஜெஸ்பின், வங்கியின் திருவட்டாறு கிளைக்கு மேலாளராகப் பதவி உயர்வு பெற்றதற்காக.' வியாழக்கிழமை சாயங்காலம் ஆர்டரு வந்துட்டு… மறுநாளு உங்க ரிசல்ட்டோட சேத்துச் சொல்லலாம்ணு காலத்தேயே நெய்மீனெல்லாம் வாங்கிப் பொரிச்சு வச்சேன். நீங்க வந்து தட்டு முன்னால இருந்த இருப்பப் பாத்ததும்… சொல்ல மனசு வரல்ல.