ஏழு கீறல்கள்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சயோகோ. கடை திறந்திருக்கிறது என்று காட்டும் வாசல் துணியை உள்ளே எடுத்துவிட்டேன், இனி யாரும் வர மாட்டார்கள். இன்றைக்கு அப்பாவின் முதல் வருட நினைவுநாள். கல்லறையிலிருந்து நேராக இங்கே வந்து, அவர் உட்காரும் மூன்றாவது நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவர் கேட்கும் கணவாய் சுஷியையே கேட்டீர்கள். அங்கே அவரிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் சொன்னீர்கள்.

"அப்பாவோட பல்செட்டைச் சரிபண்ண ரெண்டு தடவை பல் டாக்டர்கிட்ட தேதி வாங்கினேன், ரெண்டு தடவையும் வேலைன்னு தள்ளிப் போட்டேன். நான்தான் அப்பாவைக் கொன்னுட்டேன், மாஸ்டர்."

அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களுடையது ட்ராம் பாதையோரத்துச் சின்னக் கடை. எட்டே நாற்காலி. மதியம் வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். மலிவான விலைக்கு நல்ல மீன் போட்டால் மட்டும் போதாது, அதை அவர்களால் மெல்லவும் முடிய வேண்டும். கணவாய் என்றால் அவர்களுக்குப் பெரும்பாடு. அதனால் துண்டைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தில் கத்தி நுனியால் மெல்லியதாக ஏழு கீறல் போடுவேன். அந்தப் பக்கம் சுஷியின் சோற்று உருண்டை மேல் படிந்துவிடும், வெளியே தெரியாது. தெரியவும் கூடாது. சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பல் போய்விட்டதை ஞாபகப்படுத்துவது மரியாதையில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

உங்கள் அப்பா குராமோச்சிக்குப் பதினோரு வருடம் அப்படிக் கீறிக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாது. எண்பத்திரண்டு வயதில் கணவாயை எப்படி மெல்கிறேன் பார் என்று பக்கத்து நாற்காலிக்காரர்களை வம்புக்கு இழுப்பார். "நீங்க மனுசனா, சுறாவா?" என்பார் சலவைக்கடை நெமோத்தோ. எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனைவி ஃபுமியேவை உங்களுக்குத் தெரியும். தொண்டையில் கட்டி. கடைசி நான்கு மாதம் கஞ்சியைக்கூட வடிகட்டித்தான் கொடுத்தேன், அதிலும் பாதி வெளியே வந்துவிடும். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து கடை திறந்த அன்று, முதல் ஆளாக உங்கள் அப்பா வந்தார். கணவாயை வாயில் அதக்கிக்கொண்டே சொன்னார்.

"மெல்லணும்னு மனசு வேணும், மாஸ்டர். உன் பொண்டாட்டி மனச விட்டுட்டா. என்னைப் பாரு."

ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஒருநாள் தவறாமல் கீறித்தான் கொடுத்தேன். ஆகவே கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

போன வருடம் இதே நாளில் மட்டும் கீறவில்லை. ஒரு தடவை அது உள்ளபடியே அவர் வாய்க்குப் போகட்டும், இத்தனை வருடம் மென்றது யார் தயவில் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். துப்புவார், கொஞ்சம் கூச்சப்படுவார், நான் பார்க்காதது போல் திரும்பிக்கொள்வேன். அவ்வளவுதான் கணக்குப் போட்டேன்.

உள்ளபடியே என்றேன். காலையிலேயே பெரிய கணவாயாகப் பார்த்து, அதில் தடித்த பகுதியை அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தேன். தோலையும் முழுக்க உரிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

வெகுநேரம் மென்றார். பல்செட் டக் டக்கென்று அடித்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் நெமோத்தோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது உங்கள் அப்பா துப்ப மாட்டார், பதினோரு வருடப் பழக்கத்தில் அது எனக்குத் தெரியும். விழுங்கினார். தொண்டையில் அடைத்துக்கொண்டது.

நெமோத்தோ அவர் முதுகில் தட்டிக்கொண்டே, "மாஸ்டர், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். சுஷியை ஜோடியாகத்தான் வைப்போம். இரண்டாவது சுஷி தட்டில் அப்படியே இருந்தது. அதை எடுத்து, மேலிருந்த கணவாயைத் திருப்பிப் போட்டு, ஏழு கீறல் போட்டு, மறுபடி சோற்றின் மேல் படியவைத்துத் தட்டில் வைத்தேன். கத்தியைத் துடைத்தேன். பிறகு போன் செய்தேன். ஏழு கீறலுக்கு அப்படியொன்றும் நேரம் பிடிக்காது.

போலீஸ்காரர் அந்த இரண்டாவது துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாரே என்று மெச்சினார். பிறகு, தகவல் கேட்டு ஓடிவந்திருந்த உங்கள் பக்கம் திரும்பிப் பல்செட்டைப் பற்றிக் கேட்டார். அடுத்த வாரம் நீங்கள் இனிப்புப் பெட்டியோடு வந்து, அப்பாவால் கடைக்கு ரொம்பத் தொந்தரவு, மன்னிக்க வேண்டும் என்று தலை குனிந்தீர்கள். வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றிய கஷ்கொட்டை இனிப்பு.

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் தினமும் அவர் வரும் நேரமான பன்னிரண்டு பத்துக்கு இந்த நாற்காலியில் அந்த டக் டக் தொடங்கிவிடுகிறது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தாலும் கேட்கிறது. கை துடைக்க நான் சுருட்டி வைக்கும் ஈரத் துண்டு, திரும்பி வந்து பார்த்தால் பிரிந்து கிடக்கிறது. ஒரு கணவாயைக் கீறி முன்னால் வைத்தால்தான் சத்தம் அடங்கும். இந்த ஒரு வருடத்தில் ஒருநாளும் நான் தவறவிடவில்லை. அந்த விஷயத்தில் அவர் என்னைக் குறை சொல்ல முடியாது.

அவரைக் கொன்றது நீங்கள் இல்லை, சயோகோ. நான். உங்கள் மனப்பாரம் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன், எனக்காக இல்லை. கடையைக் கழுவிவிட்டு நானே போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன்.

ஏன் இன்னும் தட்டில் கை வைக்காமல் இருக்கிறீர்கள்? இன்றைக்கு முன்னால் வைத்த பிறகும் அந்தச் சத்தம் அடங்கவில்லை, நீங்கள் எடுக்கும்வரை நிற்காது. பயப்படாமல் சாப்பிடுங்கள். வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள், கீறித்தான் வைத்திருக்கிறேன்.