போதும் என்று சொல்ல வேண்டியவர்

வீட்டைப் பூட்டும்போது, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டாயா என்று என் கணவர் கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவரே ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவிட்சு விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார். மற்ற விஷயங்களில் எல்லாரையும் நம்புவார், என்னைத் தவிர.

அவர் பெயர் குப்புராஜ். அன்று முற்பகல் தீர்த்தமலை அடிவாரத்தில், ஒரு மாந்தோப்பில் நடந்த தவளை வைத்திய முகாமில் அவருக்கு வலிப்பு வந்தது. மாலைக்குள் இறந்துவிட்டார். முகாமை நடத்திய ரஞ்சித்குமாரை நீங்கள் கைது செய்து வைத்திருக்கிறீர்கள். தவளை விஷத்தால் ஆளைக் கொன்றவன் என்று அவன் படம் பத்திரிகையில் வந்தது. எங்கள் ஊர் பொம்மிடியில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவனைத் திட்டிவிட்டுத்தான் காபி குடிக்கிறார்கள்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவன் ரயில் நிலையத்துக்கு எதிரே செல்போன் உறை விற்றவன். பிறகு காந்தப் படுக்கை விற்றான். அதன் பிறகு பெங்களூரில் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டுத் தாடியோடு திரும்பி வந்தான். ஒரு மனிதரைக் கொல்வதற்குக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். அவன் படிக்கவில்லை. அவனுக்குச் சேராத பெருமை அவனுக்குப் போவதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும், வயதானவர்களுக்கு எலும்பு இறுகும். என் கணவருக்கு இரண்டு முட்டியும் சரியாக நிமிராது. அதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, வலிக்கு மாத்திரை தரலாம் என்று மருத்துவர் உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொல்லும் மருத்துவரிடம் இரண்டாம் முறை யார் போகிறார்கள்? ரஞ்சித்குமாரிடம் போனார்.

தென் அமெரிக்கக் காட்டில் இருக்கும் ஒரு மரத்தவளையின் தோலிலிருந்து வழித்தெடுத்த பாலைக் குச்சியில் காயவைத்து விற்கிறார்கள். அதை வரவழைத்து, ஊதுபத்தி நுனியால் தோளில் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, அந்தப் புண்ணில் தடவுவான். முகம் வீங்கும், நெஞ்சு படபடக்கும், குடல் வெளியே வருவதுபோல் வாந்தி வரும். மஞ்சளாக வருவதைக் காட்டி, எலும்பில் இருந்த புளூரைடு கரைந்து வருகிறது என்பான். அது பித்தநீர். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவள். சுற்றி நின்று அந்த மஞ்சளைக் கும்பிட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

என் கணவரிடம் நான் பொறுமையாகத்தான் பேசினேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, தமிழில் விளக்கினேன். அந்தச் சுரப்பில் உள்ள சில புரதத் துணுக்குகள் வலியை மரக்கவைக்கின்றன, இரத்த அழுத்தத்தை இறக்குகின்றன, கிருமிகளைக் கொல்கின்றன என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது எலியிடமும் கண்ணாடித் தட்டிலும். மனிதருக்கு இன்ன நோய் தீர்ந்தது என்று முறையாகச் சோதித்து யாரும் காட்டவில்லை. இதைத்தான் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

சில நாளில் ரஞ்சித்குமாரின் குரல் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. "வெளிநாட்டு விஞ்ஞானிங்களே ஒத்துக்கிட்டாங்க. நம்ம நிர்மலா டீச்சரே படிச்சிப் பாத்துட்டுச் சொன்னாங்க."

நான் கேட்டபோது என் கணவர் சிரித்தார். ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றிருந்தோம், நாலு பேர் இருந்தார்கள். "எங்க டீச்சருக்குத் தவளைய அறுக்கத்தான் தெரியும். அதுகிட்ட மருந்து வாங்கத் தெரியாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இப்போது முகாமின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மருந்து தடவுவதற்கு முன்னும் பின்னும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே உப்பு கூடாது. மலைத் தீர்த்தம் என்று சொல்லி கேன்களை அடுக்கி வைத்திருந்தான். கேன் தண்ணீர்க்காரனின் ஸ்டிக்கரைக்கூட அவன் கிழிக்கவில்லை. தண்ணீரை வீட்டு ஆள்தான் ஊற்ற வேண்டும். குடிக்கிறவர் போதும் என்று சொல்லக் கூடாது.

"ஒடம்புல இருக்கிற வெசந்தான் போதும் போதும்னு கத்தும். அத நம்பாதீங்க. ஊத்துறவங்க எப்ப போதும்னு சொல்றாங்களோ அப்பத்தான் நிறுத்தணும். பாசம் இருக்கிறவங்களுக்கு அந்த நேரம் தானா தெரியும்" என்றான்.

எனக்குத் தெரிந்தது வேறு. அந்தக் கட்டுரைகளில் இறந்துபோனவர்களைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். சிலருக்குத் தவளையைவிடத் தண்ணீர்தான் எமனாக இருந்திருக்கிறது. உப்பு குறைந்த உடம்பில் தண்ணீர் மேலும் மேலும் போனால் இரத்தம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். முதலில் தலைவலி, பிறகு உளறல், பிறகு வலிப்பு. இதையும் என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். அது இரண்டாம் பாதியில் இருந்தது.

தனக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அவர் கேட்டபோது, நான் வருகிறேன் என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். அந்த மூன்று நாளும் நானே உப்பில்லாமல் சமைத்தேன்.

தோப்பில் எங்களுக்குப் பக்கத்துப் பாயில் ராமக்காள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவள் மகன் மாது ஊற்றினான். ஆட்டோ ஓட்டுகிறவன். தாய் முகம் வீங்குவதைப் பார்த்ததும் பயந்துபோய், "போதும்மா" என்று சொம்பை வைத்துவிட்டான்.

"ஏன்டா, பெத்தவளுக்குத் தண்ணி ஊத்தக்கூட கை வலிக்குதா? டீச்சரப் பாரு, எப்பிடி ஊத்துறாங்க, வூட்டுக்காரருக்கு!" என்றாள் ராமக்காள், வாளியில் குனிந்தபடி.

"அவுங்களுக்குத் தெரியும், ஊத்துறாங்க. எனக்கு இன்னா தெரியும்? நீ எந்திரி, வூட்டுக்குப் போலாம்."

மாது என் வகுப்பில் தேறாதவன். அன்றும் எதையும் தெரிந்து செய்யவில்லை. பயந்தான், அவ்வளவுதான்.

என் கணவர் வாந்தி எடுத்தார். ஊற்றினேன். குடித்தார். மறுபடி எடுத்தார். மறுபடி ஊற்றினேன். எடுத்ததைவிட உள்ளே போனது அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். தலை வெடிக்கிறது என்று கையால் காட்டினார். டம்ளரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். சட்டப்படி வாயால் சொல்லக் கூடாது அல்லவா. நான் அந்தக் கையை மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்தேன். "வெசந்தாங்க அப்பிடிச் செய்யச் சொல்லுது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் குடித்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றுதான்.

பிறகு அவர், அங்கே இல்லாத யாரோ ஒரு லைன்மேனைக் கூப்பிட்டார். கம்பத்திலிருந்து இறங்கு, இறங்கு என்றார். உளறல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவர் குரலில் கேட்டபோது சற்று நேரம் கை நின்றது. அதை நான் மறைக்கவில்லை.

ரஞ்சித்குமார் ஓடி வந்தான். அவன் தாடிக்குள் அந்தப் பழைய செல்போன் கடைக்காரன் வெளிறிப்போய் நின்றான்.

"மேடம், போதுங்களே. ஐயா ஒரு மாதிரி இருக்காருங்க."

"நீங்க வெச்ச சட்டந்தானே தம்பி. நான் இன்னும் சொல்லலையே" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அடுத்த பாய்க்குப் போய்விட்டான். இந்தச் சாவில் அவனிடம் குற்றம் என்று ஒன்று இருந்தால், ஒரு டீச்சருக்குத் தெரியாததா என்று நினைத்ததுதான்.

நான் கொடூரமானவள் அல்ல. நிறுத்துவதற்கு ஒரு இடம் வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் உடனே சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்து, வண்டியும் கூப்பிட்டிருப்பேன். அவருக்கு முன்னால் முகத்துக்கு நேராகக் குனிந்து, "என்னங்க, நான் சொன்னது இப்பத் தெரியுதா?" என்றும் கேட்டேன். வாய்ப்புக் கொடுத்தேன்.

வலிப்பு வந்த பிறகுதான் போதும் என்று சொன்னேன். மாதுவின் ஆட்டோவில்தான் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், என்ன கொடுத்தார்கள் என்று அவசரமாகக் கேட்டார். தவளை விஷம் என்றேன். தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் விஷத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

எனவே ரஞ்சித்குமாரை மோசடிக்காக உள்ளே வையுங்கள், கொலைக்காக வேண்டாம். அதை நான் செய்தேன், தெரிந்து செய்தேன், ஒவ்வொரு சொம்பையும் நிறைத்துச் செய்தேன். வருத்தம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. முகத்துக்கு நேராக நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இல்லை. வீங்கிய கண்ணைத் திறந்து, என்னை அடையாளம் கண்டு, சிரித்தார்.

"பாத்தியா நிர்மலா, வேல செய்யுது" என்றார்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. அந்தப் பதில் திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.