சக்கரக்குழி விளக்கு

மீன் நாற்றம் எனக்கு ஆகாது. பழவேற்காட்டில் பிறந்து ஏரியில் வலை போட்டவன் இதைச் சொன்னால் சிரிப்பு வரும். சிரியுங்கள் ஐயா. மடவை மீனைச் சோப்புப் போட்டுக் கழுவி விற்றவன் இந்த வரதன். குழம்பு நுரைக்கிறது என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். என் பெண்சாதி குப்பம்மாவிடம்கூட, தும்முவதானால் தெருவுக்குப் போய்த் தும்மு என்று மட்டும்தான் சொன்னேன். பசியாவரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

எங்கள் ஊர்ப் பையன் ஜான்சன்தான் என்னை விமானம் பழுது பார்க்கும் கொட்டகைக்குத் தரை துடைக்கிற வேலைக்குக் கூட்டிப்போனான். விமானத்துக்கு வெளியே எச்சரிக்கை விளக்குகள் பொருத்துவதும் அவன் வேலைகளில் ஒன்று. விமானத்தின் வயிற்றில் சக்கரம் மடங்கி ஒளிய ஒரு குழி உண்டு. அதற்குக் கனத்த கதவு. மூடும்போது நடுவில் அகப்பட்டவன் பிழைப்பது கஷ்டம். அதனால் மூடுவதற்கு முன் குழியோரம் சிவப்பு விளக்கு மின்னும். உள்ளே வேலை செய்கிறவன் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவான். ஒருத்தனுக்கு விரல் போன பிறகு, சண்டை போட்டு அந்த விளக்கை வரவழைத்துப் பொருத்தியவன் ஜான்சன். நல்ல பையன். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை.

அவன் சம்சாரம் எப்சிபா நண்டு வறுத்துக் கொடுத்தனுப்புவாள். நகமெல்லாம் கிரீஸ். நண்டுக் காலைக் கடைவாயில் வைத்து நொறுக்குவான். சதையைப் பல்லாலேயே உருவி, எச்சில் நூலாக நீள, என் தட்டில் வைப்பான்.

"துன்னு நைனா. உனக்குத்தான் பல்லு இல்லியே."

"வேணாம்டா ஜான்சா."

"இன்னா வேணாம்? எங்க நைனாவுக்கும் சாவுற வரைக்கும் இப்டித்தான் குடுத்தேன். ரொம்ப பிகு பண்ணாத, துன்னு."

தகப்பனைப் பறிகொடுத்தவன், பாசம். அந்த வெதுவெதுப்பு நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொள்வேன். மரியாதைக்காக விழுங்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்க விழுங்கினேன்.

நேற்று மத்தியானமும் விழுங்கினேன். அவன் பீடி பிடிக்கப் போன நேரம், படகுக்குப் பூச வாங்கி வைத்திருந்த தாரை எடுத்து விளக்குக் கண்ணாடியில் தடவினேன். அணைந்த விளக்கை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? திரும்பி வந்து குழிக்குள் ஏறினான். செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டான். அவனுக்குக் காது எதற்கு? அவன் பொருத்திய விளக்கு இருக்கிறதே.

மேலே விமானி அறையில் கதவுப் பொத்தானை அழுத்துகிறவர் ஹரிஹரன் சார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பெரியவரே, கதவ மூடப் போறேன். லைட்டு மின்னுதா?"

"மின்னுது சார்."

பொய் சொல்லவில்லை. தாருக்கு அடியில் மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கும். உள்ளே ஆள் உண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கதவு வந்தது. முழுதாக மூடவில்லை; ஜான்சன் இடுப்பில் நின்றுவிட்டது.

"நைனா... தெறக்கச் சொல்லு நைனா."

சின்னக் குரல், மேலே எட்டவில்லை. அவன் வாய் திறக்கும்போதெல்லாம் ஏதோ வழிந்தது. ரத்தத்தோடு மத்தியானத்து நண்டும். எல்லாம் நான் துடைத்து வைத்திருந்த தரையில்.

அப்போதே திறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் துணியை எடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. அது நின்ற பிறகுதான் ஹரிஹரன் சாரைக் கூப்பிட்டேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள். கோபம் இருந்தால்தானே ஐயா கொலை? நைனா, நைனா என்று அவன் கூப்பிட்டது ஓயும்வரை பக்கத்தைவிட்டு நான் நகரவில்லை. பெற்ற தகப்பன்கூட அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டான்.